லைசென்ஸ் ஒழித்த ஆசிரியர்

மனித குலத்தின் விடுதலைக்காகப் பாடுபட்ட மாபெரும் தியாகிகளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, முதல் வரிசையில் நம் ஆசிரியருக்கும் ஓர் இடம் கொடுத்தே தீரவேண்டும். சுதந்திரம் வந்து பதினைந்து வருஷமாகியும் ஆணி அடிக்க ஒரு லைசென்ஸ், பிடுங்க ஒரு பெர்மிட் என்று சர்க்கார் ஆட்டிவைத்ததைத் தன் பத்திரிகையில் வாரம் தவறாமல் கிழித்தவர் அவர். 'உரிமம் ஒழிந்தால்தான் உரிமை!' என்பது அட்டையிலேயே அச்சான முழக்கம். வளர்ந்த மனிதனுக்கு நல்லது கெட்டது சொல்ல அரசாங்கம் யார் என்று அவர் கேட்டால் வாசகருக்கு மயிர்க்கூச்செறியும்.

அந்தத் தலையங்கங்களைத் தட்டச்சு செய்தவர் அவர் மனைவி. அம்மையார் பதினோரு வருஷம் சம்பளமில்லாமல் 'தனிமனித சுதந்திர'த்தைத் தட்டித் தட்டி, பாவம், அதை நம்பியும் விட்டார்.

ஒரு வியாழக்கிழமை, தட்டச்சுப் பொறியில் காகிதத்தைச் செருகியபடி சொன்னார்: "என்னங்க, எனக்கு ஒரு தினசரியில நிருபர் வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும்."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரைக் கேட்டு விண்ணப்பம் போட்டே?"

"யாரைக் கேக்கணும்?"

"உனக்கு இப்ப என்ன குறை?"

"குறை இல்லீங்க. ஆசை."

"ஆசைப்பட்டதை எல்லாரும் செய்ய ஆரம்பிச்சா என்ன ஆகும்? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கொள்கை அளவுல எனக்கு ஆட்சேபணையே இல்ல. அடுத்த வருஷம் பரிசீலிக்கலாம். அம்மா வேற என்ன நினைப்பாங்களோ!"

"அத்தைகிட்ட சொல்லிட்டேன். பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கான்னு கேட்டாங்க."

"அம்மாவுக்கு உலகம் தெரியாது" என்று விசாரணையை முடித்துவிட்டு, "சரி, அடி" என்றார். தட்டச்சைத்தான். "தலைப்பு: குடிமகன் குழந்தையல்ல!"

அம்மையாருக்குக் கோபம் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு யோசனையும் வந்தது. ஆசிரியர் சொன்ன தலையங்கத்தை மடித்து வைத்துவிட்டு, தனக்குச் சொன்ன பதில்களை வரிசையாக அடித்தார். 'சர்க்கார் சொல்கிறது' என்று மட்டும் முன்னால் சேர்த்துக்கொண்டார். மெய்ப்புப் பார்ப்பதும் அம்மையாரே என்பதால் பிழையெதுவும் நேரவில்லை.

சனிக்கிழமை இதழைப் பிரித்த ஆசிரியர் துள்ளி எழுந்தார். "என்ன இது?"

"நீங்க சொன்னதுதாங்க. ஒரு எழுத்துகூட மாத்தல."

அவர் வாய் திறப்பதற்குள் தொலைபேசி அலறியது. "அதிகாரவர்க்கத்தோட குரலை அச்சு அசலாப் பிடிச்சிட்டீங்க சார்!" பாராட்டை மறுப்பது ஆசிரியரின் கொள்கையல்ல, பணிவுடன் ஏற்றுக்கொண்டார். திங்கட்கிழமை அம்மையார் படியிறங்கியபோது, பாராட்டுக் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த அவர் தலை நிமிரவில்லை.

மறுநாள் ஒரே ஒரு கண்டனக் கடிதம் வந்தது. லைசென்ஸ் இலாகா அதிகாரி எழுதியிருந்தார்:

"ஐயா, எங்களை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், அபாண்டம் வேண்டாம். இங்கே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர் மேல்முறையீடாவது செய்யலாம். தாங்கள் எழுதியிருக்கும் கொடுமை எந்த அலுவலகத்தில் நடக்கிறது? விலாசம் தெரிவித்தால், உடனே சோதனைக்கு ஆள் அனுப்புகிறோம்."