பச்சை டிக்

புகார் அக்காவுக்கு இரண்டு வாரமாக ஒரு புகார்கூட வரவில்லை. அவள் வேலை பார்த்தது வாஷிங் மெஷின் விற்கும் ஒரு கம்பெனியில். அதன் மெஷின்கள் திடீரென்று திருந்திவிட்டன என்று நம்பும் அளவுக்கு அக்கா அப்பாவி இல்லை.

புகார்ப் பிரிவில் முன்பு நாலு பேர் இருந்தார்கள். மற்ற மூவரையும் வீட்டுக்கு அனுப்பிய மேனேஜர், இவளை மட்டும் மாலைக் கல்லூரிக்கு அனுப்பினார். வெப் புரோகிராமிங், ஆரம்பப் பாடம்.

"படிச்சு முடிச்சதும் நம்ம வெப்சைட்ல புகாருக்கு நீங்களே ஒரு பக்கம் பண்ணிக் குடுத்துடுங்க. ஜனங்க எழுதுறது உங்க மெயிலுக்கு வந்துடும். உங்க வேலையும் நிலைக்கும்."

வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் ஐம்பதை நெருங்கும் வயதில், மகள் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அடைப்புக்குறியை மூட மறந்து திட்டு வாங்கி, எப்படியோ ஒரு பக்கத்தை உருவாக்கிவிட்டாள். இனி போன் வேண்டாம், புகாரை இதிலேயே எழுதுங்கள் என்று கம்பெனியும் ஊருக்கே அறிவித்துவிட்டது. புகார்தான் வரவில்லை.

பட்டன் கண்ணில் படவில்லை போலிருக்கிறது என்று அதைச் சிவப்பாக்கிப் பெரிதாக்கினாள். வரவில்லை. போன் நம்பரைத் தப்பாக எழுதுகிறார்களோ என்று, ஒரு இலக்கம் குறைந்தாலும் பக்கம் முறைத்துக்கொள்ளும்படி செய்தாள். வகுப்பில் வாத்தியார் பாராட்டினார். அப்போதும் வரவில்லை.

ஜனங்களுக்கு நம்பிக்கை இல்லையோ என்று கடைசியாக ஒன்று செய்தாள். பட்டனைத் தட்டினால் ஒரு பச்சை டிக் எழும்பி வரும். கீழே, 'உங்கள் புகார் கிடைத்தது. நாளைக்கே ஆள் வருவார்.' பிள்ளைகள் கைதட்டினார்கள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மேனேஜர் கூப்பிட்டார்.

"ஒரு புகார்கூட இல்லையாமே. பிரமாதம்."

"சார், அதான் எனக்கே என்னமோ..."

"புகாரே இல்லாத எடத்துல புகார் போன் எதுக்கு? கட் பண்ணச் சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலம் நாத்தனார் ஈரத் துணி மூட்டையோடு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, உங்க பக்கத்துல தினமும் எழுதுறேன். தினமும் நாளைக்கு ஆள் வருவார்னு டிக் போடுது. மெஷினுக்குள்ள தண்ணி நின்னு துணியெல்லாம் நாறுது."

"எனக்கு ஒண்ணுமே வரலையேம்மா."

"அப்ப அந்த டிக்கை யாரு போடுறது?"

அக்காதான் போட்டிருந்தாள். மறுநாள் வகுப்பு தொடங்கும் முன்பே வாத்தியாரைப் பிடித்தாள்.

"சார், இதுல எழுதுறது எங்க போகும்?"

"எங்கயும் போகாது." அவர் சாதாரணமாகச் சொன்னார். "எழுதுறவங்க கம்ப்யூட்டருக்குள்ள நடக்கிறதைத்தான் நாம இங்க படிக்கிறோம். பட்டன், நிறம், டிக், எல்லாம் அங்கயே முடிஞ்சிடும். அதை அனுப்பி ஆபீஸ்ல வாங்கி வைக்கிறது அடுத்த பாடம்."

"அப்ப இதுவரைக்கும் எழுதினது?"

"பக்கத்தை மூடினதும் போயிருக்கும். நீங்க பரீட்சைக்குப் பண்றீங்கன்னுல்ல நினைச்சேன். நிஜமாவே போட்டுட்டீங்களா?"

எத்தனை வீட்டில் எத்தனை பேர், ஆள் வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களோ. அக்கா நேராக மேனேஜரிடம் போய் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தப்பு என் மேலதான் சார். அடுத்த பாடத்தையும் படிச்சு நானே சரி பண்ணிடறேன்."

"எதுக்கும்மா வீண் சிரமம்? புகார் வராதப்போ புகார்ப் பிரிவு எதுக்குன்னு மேலிடத்துல கேக்கறாங்க. இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்."

"வரலைன்னு இல்ல சார். வந்து சேரல."

"மேலிடத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று வழி நெடுக அழுதாள். ஆனாலும் விடுவதாக இல்லை. பக்கத்தைச் சரிசெய்து, குவியும் புகார்களைக் கொண்டுபோய் மேலிடத்தின் மேஜையில் கொட்டினால் வேலையைத் திருப்பித் தரமாட்டார்களா? கல்லூரியின் சேர்க்கை கவுன்டரில் போய் நின்று, அடுத்த பாடத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தாள்.

கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பரவாயில்லையே, உங்க மேனேஜர் மனசு மாறிட்டாரா?"

"அவருக்கு இதைப் பத்தி என்ன சார் தெரியும்? தப்பெல்லாம் என்னுது."

"என்னம்மா சொல்றீங்க? முதல்ல ரெண்டு பாடத்துக்கும் சேத்துத்தான் உங்க பேரைக் குடுத்தார். ரெண்டாவது எதுக்குன்னு கேட்டார். அது இல்லாட்டி ஜனங்க எழுதுறது எதுவும் ஆபீசுக்கு வந்து சேராது சார்னு சொன்னேன். உடனே, அப்படின்னா முதல் பாடம் மட்டும் போதும்னுட்டார்."