பனி ஹாக்கி மேதையும் என் முன்பல்லும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். தெரியும் என்று சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு என் வாயில் இன்றும் ஓர் ஓட்டை சாட்சியாக இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில், உடற்கல்வி ஆசிரியர் படிப்பை (எப்படியோ) முடித்துவிட்டு விழுப்புரத்தில் சும்மா இருந்தேன். மல்லிகாவைப் பெண் பார்த்தாகிவிட்டது. "வேலை ஆர்டரோட வாங்க, தேதி குறிச்சிடலாம்" என்று அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அப்போதுதான் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் நேர்முகத் தேர்வு வந்தது.

போட்டிக்கு வந்த மற்ற ஏழு பேரிடமும் கோப்பை, சான்றிதழ் என்று ஏதேதோ இருந்தன. பாவம், என்னைப் போல அறிவாளிகள் இல்லை. குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர் வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்த அத்தை மகன் கொடுத்த பழைய பத்திரிகையை நான் மனப்பாடம் செய்திருந்தேன். அதில் கனடாவின் பனி ஹாக்கி மேதை ஒருவரின் வாழ்க்கை வரலாறு இருந்தது.

பள்ளித் தாளாளரிடம் எடுத்துவிட்டேன். ஏழை வீட்டுப் பிள்ளை, உறைந்த ஆற்றில் ஆடிப் பழகியவர், ஆட்டத்தில் நாலு பல் கொட்டியும் ரத்தத்தைத் துப்பிவிட்டு ஆடி ஜெயித்தவர். அவர் இறந்தபோது நாடே அழுதது என்று சொல்லும்போது என் கண்ணும் கலங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நானும் சிம்லாவுல ஆறு மாசம் இந்த ஆட்டம் ஆடியிருக்கேன் சார்."

தாளாளர் துள்ளி எழுந்தார். "அப்படிப் போடு! நமக்கு ஐஸ் கம்பெனி இருக்குது தம்பி. பின்னாலதான். ஜல்தி வா, ஆடிக் காட்டு!"

(திண்டிவனத்து வெயிலில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் ஒரே தாளாளர் எனக்கென்று வாய்த்தார்.)

உருகாமலிருக்க மூடிவைத்த உமியைத் தட்டிவிட்டு இருபது ஐஸ் பார்களைத் தரையில் வரிசையாக அடுக்கினார்கள். சறுக்குக் காலணி இல்லாததால் கேன்வாஸ் ஷூவோடு ஏறினேன். பந்துக்குப் பதில், வட்டமாக வெட்டிய ரப்பர் செருப்பு. போட்டியாளர்கள், தலைமையாசிரியர், லோடு ஏற்ற வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். பள்ளியின் ஹாக்கி மட்டையை ஓங்கியதுதான் தெரியும். கால் செஞ்சி பக்கம் போனது, நான் மரக்காணம் பக்கம் போனேன். முன்பல் மட்டும் ஐஸ் மேலேயே தங்கிவிட்டது.

தாளாளர் குனிந்து பார்த்தார். "ஒண்ணுதான் தம்பி போயிருக்கு. அவரு நாலு போயும் ஆடினாருன்னு சொன்னியே. துப்பிட்டு எழுந்து ஆடு!"

"சார், நான் செங்கல்பட்டைத் தாண்டினதே இல்லீங்க சார்" என்று அழுதேன். வலியைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது.

வேலை கெடாரைச் சேர்ந்த ஒரு கபடிக்காரருக்குப் போனது. செய்தி எனக்கு முன்னால் பஸ் பிடித்து விழுப்புரம் போய்விட்டது. "பொய்யனுக்குப் பொண்ணு கிடையாது" என்றார் மல்லிகாவின் அப்பா.

மல்லிகாதான் அவரை மடக்கினாளாம். "ஒரு பொய்யச் சொல்லி அரை மணி நேரம் காப்பாத்த முடியல இந்த மனுஷனால. இவரு என்னை எங்கே ஏமாத்தப் போறாருப்பா? இவரையே கட்டிக்கிறேன்."

இந்தப் பாராட்டில்தான் என் குடும்ப வாழ்க்கை நடக்கிறது. இன்றும் பேரப்பிள்ளைகளிடம் என் வாலிப வீரத்தை ஆரம்பித்தால், சமையலறையிலிருந்து குரல் வரும்.

"ஐஸ் பாரு எடுத்தாரச் சொல்லட்டுங்களா?"