ஆறு பொம்மைகளும் முறிந்த ஒரு கழுத்தும்

அன்புள்ள சின்ன மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம், முழங்கால்களைத் தவிர. உன் நலம் நீ எழுதினால்தான் தெரியும் என்றாலும், நலமாகவே இருப்பாய் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. "என் கிறுக்கல்களைச் சிலைகளாக வார்த்திருக்கிறார்கள். முதல் வார்ப்பு உங்களுக்கு" என்று சீட்டு வைத்திருந்தாய். ஒற்று விடாமல் எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. இந்தச் சிலைகளை வாங்கிச் சேர்க்க ஆட்கள் வரிசையில் நிற்பதாக உன் அக்கா சொன்னாள். நிற்கட்டும். அச்சகத்தில் முப்பத்து நான்கு வருடம் பிழை திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பூனைக்கு மூன்று காது. கோப்பைக்குத் தொப்பை. நாற்காலி அழுகிறது. ஆறு சிலைகளையும் நீ நேரில் வந்து எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

உன் அம்மா அதுகளை வீடு முழுக்கக் குடிவைத்துவிட்டாள். அழுகிற நாற்காலியைக் குளியலறை ஜன்னலில் வைத்து, "அங்க ஈரமா இருந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க"ன்னு காரணம் வேற. குழாய் சரிபண்ண வந்தவர் போன வேகத்துல வெளியே வந்து, "சார், உள்ள யாரோ இருக்காங்க"ன்னார். "நாற்காலிப்பா"ன்னேன். "அது என்னையே பாக்குது சார்"னு ஸ்பேனரை எடுத்துக்கிட்டுப் போனவர்தான், இன்னும் வரல, குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு, ராத்திரி பகல்னு இல்லாம உள்ள ரெண்டு பேர் அழுற மாதிரி சத்தம்.

அப்புறம் அந்தக் குடை பிடிச்ச தவளை. தூக்கிப் பாத்தா அடியில "பக்கம் 84"ன்னு பொறிச்சிருக்கே. அந்தப் பக்கம் எனக்கு மறக்குமா? அப்ப உனக்கு ஏழு வயசு. நான் வீட்டுக்குக் கொண்டுவந்த சட்டப் புத்தகத்துப் புரூஃப் ஓரத்துல நீ வரைஞ்ச தவளை, என் கண்ணுல படாம, வாடகைச் சட்டத்துக்கு நடுவுல ஆயிரம் பிரதியில ஏறிடுச்சு. முதலாளி எல்லார் முன்னாடியும் என்னை நிக்கவச்சுக் கேட்டார். நான் வீட்டுக்கு வந்து உன் நோட்டைக் கிழிச்சேன். அதுக்கப்புறம் நீ என் முன்னால பென்சிலைத் தொட்டதே இல்ல. கவனிக்காம விட்டவன் நான், கிழிபட்டது உன் நோட்டு. இதை இருபத்தஞ்சு வருஷமா உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். சொல்லிட்டேன்.

ஆனா அந்த ஆறாவது ஆளை மட்டும் என்னால ஏத்துக்க முடியாது. ஒட்டகச்சிவிங்கிக் கழுத்து, மூக்குக்குப் பதிலா சிவப்புப் பென்சில், எப்பவும் எதுலயோ தப்புக் கண்டுபிடிக்கிற மூஞ்சி. "யாரு இது?"ன்னு கேட்டேன். உன் அம்மா முகம் பாக்குற கண்ணாடியை எடுத்து நீட்டினா. கீழ்வீட்டுப் பல் டாக்டர் வந்து பாத்துட்டு, "சார், மூக்கு அப்படியே உங்களுது"ங்கிறார். பல்லைப் பாக்க வேண்டிய மனுஷனுக்கு மூக்குல என்ன வேலை?

போன வியாழக்கிழமை தூசி தட்டும்போது அந்த நெட்டைக்கழுத்தன் விழுந்து கழுத்து முறிந்துவிட்டது. பசை வாங்கி நானே ஒட்டினேன். காய்ஞ்சு கெட்டியான பிறகுதான் பாக்கிறேன், தலை முதுகுப் பக்கம் திரும்பியிருக்கு. முப்பத்து நாலு வருஷம் பிழை திருத்தினவன் பண்ற வேலையா இது? "உடைச்சு மறுபடி ஒட்டவா?"ன்னு உன் அம்மாகிட்ட கேட்டேன். கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"வேண்டாங்க. பொண்ணு போன வழியைத் திரும்பிப் பாத்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு. இப்பதான் அச்சு அசல் நீங்க"ன்னா.

நான் பசையை மூடி அலமாரியில வச்சுட்டேன்.

ஆகவே, அடுத்த மாத இறுதிக்குள் நீ வந்து ஆறையும் அப்புறப்படுத்த வேண்டும். கூரியரில் அனுப்ப மாட்டேன், பூனையின் மூன்றாவது காது மெலிசு. பொறுமையாகக் கட்டி எடுத்துப்போக ஒரு வாரமாவது ஆகும். பத்து நாள் ஆனாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நிறைந்த ஆயுளும், நேரத்துக்குச் சாப்பாடும், போதிய தூக்கமும் பெற்று நீ நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: தூசி தட்டும்போது விழுந்தது என்று மேலே எழுதியது பிழை. திருத்திப் படிக்கவும். பழைய அச்சகத்து ஆளுங்க கூடுற டீக்கடைக்கு அவனைத் துண்டுல சுத்தித் தோள்பையில வச்சு நான்தான் எடுத்துட்டுப் போனேன். "இது நான். என் பொண்ணு பண்ணினது"ன்னு மேசை மேசையா காட்டினேன். நாலாவது மேசையில பெருமை தாங்காம கை நழுவிடுச்சு. பொம்மைங்க எங்கேயும் போக வேண்டாம். நீ வா.