பேபி முத்தையாவின் வெளிநாட்டுப் பயணம்

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு இதயம் கெட்டால், "பாவம், உழைச்சு உழைச்சே போச்சு" என்பார்கள். சிறுநீரகம் கெட்டால் ஊர்த் தண்ணீரைக் குறை சொல்வார்கள். சர்க்கரை வந்தால் அதில் ஒரு கௌரவமே உண்டு. ஈரல் கெட்டுவிட்டது என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். நலம் விசாரிக்க வந்தவர் அரையடி நெருங்கி உட்கார்ந்து வாயை மோந்து பார்ப்பார்.

என் அப்பா வாழ்க்கையில் குடித்ததே இல்லை. (கிடாவெட்டுக்குப் போனால் பன்னீர் சோடா கேட்பார். அதற்கே அவரை அம்புட்டுக் கேலி செய்வார்கள்.) பேரையூரில் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஊரில் அவருக்குக் 'கரண்டு முத்தையா' என்று பெயர். அப்படிப்பட்டவருக்கு ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறது என்று மதுரையில் ஒரு டாக்டர் சொன்னார். மஞ்சள் காமாலைக் கிருமிகளில் 'பி' என்று ஒரு வகை, வெகுகாலமாக ரத்தத்தில் தங்கியிருந்ததாம். அப்பா குடிக்கவில்லை, கிருமிதான் குடியிருந்திருக்கிறது. ஆனால் இந்த வித்தியாசத்தை ஊரில் யாரிடம் போய் விளக்குவது?

டாக்டர் பொறுமையானவர். மாத்திரை எழுதியதோடு தடுப்பூசிகளும் போட வேண்டும் என்றார். காமாலையின் இன்னொரு வகையான 'ஏ' வராமல் இருக்க ஒன்று, நிமோனியாவுக்கு ஒன்று, ஃப்ளூவுக்கு வருஷாவருஷம் ஒன்று. மற்றவர்களுக்குக் காய்ச்சலோடு போவது இவருக்கு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும், பலவீனமான ஈரலால் இரண்டாவது அடியைத் தாங்க முடியாது என்றார். அம்மாவும் நானும் ரத்தப் பரிசோதனை செய்து, கிருமி இல்லையென்றால் 'பி' ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். பரிசோதனையில் எங்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை.

அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கல்யாணம் முடியும்வரை யாருக்கும் தெரியக் கூடாது.

கல்யாணம் என்றது என் கல்யாணத்தை. வண்டியூரில் மாப்பிள்ளை. பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், நிச்சயத்துக்கு நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு. தல்லாகுளத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற திடமான நம்பிக்கையோடு இருந்த காலம் அது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். (இந்த வாக்கியத்தை நான் எப்போது சொன்னாலும் வீட்டில் இப்போதும் எல்லோரும் பதறி எழுந்து நின்றுவிடுவார்கள்.)

அந்த வாரம் டாக்டரிடம் ஊசி மருந்து இருப்பு இல்லை. தல்லாகுளத்தில் ஒரு குழந்தை மருத்துவரிடம் இருக்கும், அங்கே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். எனக்குப் பரம சந்தோஷம். குழந்தைகள் கிளினிக்கில் அப்பாவை யார் தேடப்போகிறார்கள்?

சுவரெல்லாம் யானையும் முயலும். எங்கு பார்த்தாலும் கைக்குழந்தைகள். நடுவில் முறுக்கிய மீசையோடு என் அப்பா, ஒரு நாற்காலியில் பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்திருந்தார். அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை அவரைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டது. அதன் தாய் நன்றியோடு சிரித்தாள். அந்த நேரம் பார்த்து நர்ஸ் கதவைத் திறந்து, எல்லாப் பெயரையும் கூப்பிடுகிற பழக்கத்தில் கூப்பிட்டார்.

"பேபி முத்தையா."

அப்பா எழுந்து நின்றார்.

அதே கணத்தில் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மகள் வயிற்றுப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தவர், என் வருங்கால மாமியார்.

"என்னண்ணே, நீங்க எங்க இங்கிட்டு?" என்றார்.

அப்பாவின் முகம் வெளிறிப்போனது எனக்குத் தெரிந்தது. சொன்னபடியே நான் பார்த்துக்கொண்டேன். "அப்பா துபாய் போறாங்க அத்தை. வெளிநாட்டுக்குப் போறதுன்னா ஊசியெல்லாம் போடணும்ல."

சொல்லி முடித்ததும் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அத்தை கல்யாணத்தை வைத்துக்கொண்டா என்று கேட்டார். கல்யாணம் முடிந்த பிறகுதான் என்று இன்னொரு செங்கல்லை வைத்தேன். அப்போது அப்பா வாயைத் திறந்தார்.

"துபாய் இல்லம்மா, ஷார்ஜா. மோட்டார் வேலைதான். நம்ம ஆளுக நெறையப் பேரு இருக்காக. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எல்லாரும் சேந்து சமைப்பாக."

எனக்கு ஒரே ஆச்சரியம். நான் சொன்னது ஒரு வரிப் பொய். அப்பா அதற்கு ஊர், வேலை, விடுமுறை நாள், சாப்பாடு எல்லாம் வைத்துவிட்டார். ஊசியைப் போட்டுக்கொண்டு, நர்ஸ் வழக்கம்போல நீட்டிய பலூனையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

பஸ்ஸில் அவர் என்னைத் திட்டவில்லை. கல்லுப்பட்டி தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "ஏம்மா, சிங்கப்பூருன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றார். வாயில் முதலில் வந்தது அதுதான் என்றேன்.

பொய்க்குப் பஸ் தேவையில்லை. எங்களுக்கு முன்பே பேரையூர் போய் இறங்கிவிட்டது. அத்தை தன் அண்ணியிடம் சொல்ல, அண்ணி எங்கள் ஊரில் உள்ள தங்கையிடம் சொல்ல, மறுநாள் காலையில் கடையில் ஏழெட்டுப் பேர். ஒருவர் தன் மகனுக்கும் ஒரு விசா பார்க்கச் சொன்னார். இன்னொருவர் தன் மருமகன் அங்கேதான் இருக்கிறான், கொண்டுபோய்க் கொடுங்கள் என்று கருவாட்டுப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்து மாவடு வந்தது, பருப்புப்பொடி வந்தது. காயில் கம்பிச் சுருள்களுக்கு நடுவில் கருவாடு மணத்தது.

உச்சகட்டம் என் சித்தப்பா மகன் பாண்டியால் வந்தது. திருமங்கலத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்த அவன், யாரையும் கேட்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு பேனர் கட்டிவிட்டான். விமானத்தின் முன்னால் கறுப்புக் கண்ணாடியோடு அப்பா. பழைய கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டிய தலை, யாருடையதோ கோட்டு. கீழே, 'கடல் கடக்கும் கரண்டே! வென்று வா!'

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இரவோடிரவாக அவிழ்த்துவிடலாம் என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பேனருக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். ஒரு பக்கக் கயிறு தளர்ந்து அது கொஞ்சம் சாய்ந்திருந்தது. அப்பா போய் அந்தக் கயிற்றை இழுத்துக் கட்டி நேராக்கிவிட்டு வந்தார். "இருந்துட்டுப் போகட்டும்மா" என்றார். பொய்யோடு மல்லுக்கட்டி அவருக்குச் சலித்துவிட்டது என்று நான் நினைத்தேன். அப்போது எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

நிச்சயத்துக்கு நாள் குறிக்க அத்தை வீட்டார் வந்தார்கள். கூடவே அத்தையின் தம்பி. அவர் ஷார்ஜாவில் வேலை செய்பவர், லீவில் வந்திருக்கிறார் என்று அறிமுகப்படுத்தியபோது, வாயை அடைக்கட்டும் என்று காபித் தட்டை முதலில் அவரிடம்தான் நீட்டினேன். அவர் நல்ல மனிதர். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து எந்தக் கம்பெனி, எந்த ஏரியா என்று ஆர்வமாக விசாரித்தார். அப்பா ஏதேதோ சொல்லிச் சமாளித்தார். கடைசியில் அவர் கேட்டார்.

"மெடிக்கல் முடிச்சிட்டீகளாண்ணே?"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"முடிச்சேன் தம்பி. பாசாகல. இப்ப இல்ல, இந்தப் பிள்ள கைக்குழந்தையா இருந்தப்ப."

அப்பா தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார். பழைய கூட்டாளி காதரும் அவரும் ஒன்றாக ஷார்ஜா வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். மெட்ராசில் மெடிக்கல், வெளிநாட்டு வேலைக்குச் செய்கிற உடல் பரிசோதனை. காதர் தேறினார். அப்பாவின் ரத்தத்தில் காமாலைக் கிருமி இருக்கிறது, வேலைக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடம்பில் ஒரு வலியும் இல்லாததால் அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. காதர் லீவுக்கு வரும்போதெல்லாம் அப்பா அவரை உட்காரவைத்துக் கதை கேட்பாராம். எந்தத் தெரு, என்ன சமையல், ராத்திரியில் கடல் எப்படி இருக்கும் என்றெல்லாம்.

"அந்தக் கிருமிதான் இப்ப ஈரலக் கெடுத்திருச்சு. குடிச்சதில்ல தம்பி. குடிகாரன்னு நெனச்சுருவீகளோன்னுதான் பிள்ள பொய் சொல்லிருச்சு. அது ஏதோ ஒரு ஊரச் சொன்னுச்சு. நாந்தான் அதப் பிடிச்சுக்கிட்டேன்."

முதலில் பேசியது அம்மா. அடுப்படி வாசலில் நின்றிருந்தவளுக்கும் இது புதிய செய்தி.

"என்னையும் பிள்ளையையும் விட்டுட்டுப் போக மனசில்லாமத்தான் போகலைன்னீக. அதச் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே."

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "அதுவுந்தான்" என்றார்.

யாருக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் மட்டும் இரண்டையும் செய்தேன். இத்தனை ஊர்கள் இருக்க, அவர் போக முடியாமல் போன திசையையே அல்லவா நான் ஊரறியக் கத்தியிருக்கிறேன்.

அத்தை என் பக்கம் திரும்பினார். பிள்ளைக்குப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேட்டார். செய்தாயிற்று, எனக்கு ஒன்றுமில்லை, 'பி' ஊசியும் போட ஆரம்பித்தாயிற்று என்றேன். இது சேர்ந்து சாப்பிட்டாலோ தொட்டாலோ ஒட்டுவதில்லை என்று டாக்டர் சொன்னதையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

"எங்க பேரனுக்கு அந்த ஊசியப் பொறந்தன்னைக்கே போட்டுட்டாக" என்றார் அத்தை. "பச்சப் பிள்ளைக்குப் போடுற ஊசி. அதுக்கா இம்புட்டுக் கூத்து? நாளப் பாருங்கண்ணே."

கல்யாணம் நடந்தது. கருவாடும் மாவடுவும் அத்தையின் தம்பியோடு ஷார்ஜா போய்ச் சேர்ந்தன. பேனரை மழை வந்துதான் கிழித்தது. ஊரில் உண்மை தெரிந்தபின் சிலர் கொஞ்ச நாள் ஒதுங்கினார்கள். வேறு சிலர் கடைக்கு ஆளில்லாத நேரமாக வந்து, தங்கள் ரிப்போர்ட்டிலும் ஈரல் என்று ஏதோ போட்டிருக்கிறது, எந்த டாக்டர் என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அப்பா அதன்பின் பல வருஷங்கள் நன்றாகவே இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை ஃப்ளூ ஊசிக்கு அந்தக் குழந்தை டாக்டரிடமேதான் போவார், வேறிடம் ஒத்துக்கொள்ள மாட்டார். கையை நீட்டியதும் கூட வந்தவர்கள், "இந்த வருசம் எந்த நாடு?" என்று கேட்க வேண்டும். என் கணவர்தான் இதை ஆரம்பித்துவைத்தார். அப்பா ஒரு நாட்டின் பெயரைச் சொல்வார், அதற்குள் ஊசி ஏறிவிடும். மலேசியா என்றார் ஒரு வருஷம். ஜப்பான் என்றார். ஒருமுறை பிரேசில் என்று சொல்லி, அங்கே காபி மலிவு என்று நர்சுக்கு விளக்கமும் கொடுத்தார். விமானத்தில் மட்டும் அவர் கடைசிவரை ஏறவில்லை. நானும் ஏற்றிவிடவில்லை. கல்யாணம், பிரசவம், வீட்டுக் கடன் என்று அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்றே இருந்தேன். பிறகு அப்பா இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் யாருக்கு எந்த ஊசி போட்டாலும் அந்தக் கேள்வி உண்டு. போன மாதம் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொன்ன தடுப்பூசி. பயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்த நாடு என்று கேட்டேன்.

"ஜப்பான்" என்றாள்.

"அது தாத்தா போயிட்டாரும்மா."

"அப்ப பிரேசில்."

"அதுவும் போயிட்டாரு."

அவள் கோபமாக என் பக்கம் திரும்பினாள். "தாத்தா எங்கதாம்மா போகல?"

நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்தி, ஊசி போட்டாகிவிட்டது, எழுந்திருக்கலாம் என்றார்.