தலைவர் வண்டியின் அசல் பாகங்கள்

மனித குலத்தில் வண்டியை நிறுத்தத் தெரிந்தவர்கள் கோடிப் பேர் இருக்கலாம். நிறுத்த வேண்டும் என்ற அற்ப ஆசையையே வென்றவர் ஒருவர்தான். அவரே "தொன்மை மோட்டார் சைக்கிள் அசல்தன்மைப் பாதுகாப்புச் சங்க"த்தின் தலைவர்.

சங்கத்தின் கொள்கை எளிது. கம்பெனியிலிருந்து வந்த நாளில் வண்டியில் என்ன இருந்ததோ, அதுவேதான் இன்றும் இருக்க வேண்டும். ஒரு திருகாணியை மாற்றினாலும் துரோகம். தலைவரின் வண்டியில், சக்கரத்துக்குள் உரசி வேகத்தைப் பிடிக்கும் பிரேக் ஷூகூட ஆதி நாள் ஷூதான். தேய்ந்து தேய்ந்து தகடாகிவிட்டது. பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பெருமூச்சு விடும்; பிறகு தன்பாட்டுக்குப் போகும். ஆகவே மிதிப்பதையே தலைவர் விட்டுவிட்டார்.

"அப்புறம் எப்படிங்க நிக்கும்?" என்று விவரம் தெரியாதவர்கள் கேட்பார்கள்.

அதற்குத்தான் சங்கம் "பின்னிருக்கை ஒத்துழைப்பு" என்ற முறையை வகுத்திருந்தது. தலைவர் "இறங்கு!" என்பார். பின்னால் இருக்கும் மனைவி குதித்து, கேரியரைப் பிடித்து, காலை ஊன்றிப் பின்னுக்கு இழுப்பார். வண்டி நிற்கும். உறுப்பினர்கள் அனைவரும் கல்யாணமானவர்களாக இருந்தது தற்செயல் அல்ல.

போன வருடம் இந்த ஒத்துழைப்பில் மனைவியின் வலது முட்டி நொறுங்கியது. ஆஸ்பத்திரியில் உலோக முட்டி வைத்தார்கள். சங்கமே திரண்டு பார்க்க வந்தது. "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று ஆளுக்கொரு தடவை உருக்கமாக விசாரித்துவிட்டுப் போனது.

சங்கத்தின் இந்த வருடப் போட்டி நெருங்கியபோது மனைவி சமையலறையிலிருந்தே சொன்னார்:

"ஷூவை மாத்துங்க. இல்லன்னா நான் ஏற மாட்டேன்."

"நீ ஏறலன்னா வண்டியை எப்படி நிறுத்துறது?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

மனைவியின் தம்பி மெக்கானிக். அவரும் வந்திருந்தார்.

"அத்தான், டீ ஆறுறதுக்குள்ள மாத்திக் குடுத்துடுவேன்."

"மச்சான், உங்க தாத்தா போட்டோவுல மூக்கு மங்கிப் போச்சுன்னு புது மூக்கு வாங்கி ஒட்டுவியா?"

"தாத்தா போட்டோ மேல ஏறி யாரும் மேட்டுலேர்ந்து இறங்குறதில்லையே, அத்தான்."

தலைவர் பரந்த மனத்தோடு ஒரு சலுகை தந்தார்: பாலிஷ் போடலாம். மச்சான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அக்கா வாசல்வரை கூடவே போய் ஏதோ சொன்னார். அதன் பிறகு ஷூவைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. 'புரிஞ்சுக்கிட்டா' என்று தலைவர் நெகிழ்ந்தார்.

மேட்டிலிருந்து சரிவில் இறங்கி, அடியில் நடுவரின் மேஜைக்கு முன்னால் நிற்க வேண்டும். அதுதான் போட்டி. மனைவி பின்னால் ஏறிக்கொள்ள, தலைவர் கிளம்பினார். காற்று காதில் இரைந்தது. மேஜை பெரிதாகிக்கொண்டே வந்தது.

"இறங்கு!"

"டாக்டர் குதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க."

"ஐயோ, இதையா இப்ப சொல்லுவே! மோதப் போறோம்டி!"

"பிரேக்கை மிதிங்க."

"அது பிரேக் இல்ல, அசல்!"

"மிதிங்கன்னா!"

மிதித்தார். வண்டி நின்றது. நடுவரின் தண்ணீர் டம்ளர்கூட அசையவில்லை.

நடுவர் எழுந்தே விட்டார். "பாத்தீங்களா! அந்தக் காலத்து ஷூ, இன்னிக்கும் என்ன பிடி! புதுசு மாத்தணும்னு சொல்றவன் வாயை அடைச்சாச்சு!" மற்ற வண்டிகளுக்குக் காத்திராமலே கோப்பையைத் தலைவர் கையில் திணித்தார். தலைவருக்குக் கண் கலங்கியது. இத்தனை நாள் நல்ல ஷூவைப் போய்ச் சந்தேகப்பட்டுவிட்டோமே!

மேட்டு உச்சியில் அடுத்த வண்டி, செயலாளருடையது. அவர் பின்னால் திரும்பி மனைவியிடம் முழங்கியது கீழே வரைக்கும் கேட்டது.

"நம்ம ஷூவும் அதே காலத்து ஷூதான்! நீ இன்னிக்குக் குதிக்க வேணாம், ஜாலியா உக்காரு!"

அந்த அம்மாள் வாழ்க்கையில் முதல் முறையாக நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

தலைவரின் மனைவி விந்தி விந்திச் சரிவின் நடுவே போய் நின்று, இரண்டு கைகளையும் விரித்தார்.

"கிளம்பாதீங்க! எங்களோடது புது ஷூ! பாலிஷ் போடும்போது என் தம்பி மாத்தினது!"

கோப்பை மேஜைக்குத் திரும்பியது.

"வேற ஏதாவது மாத்தியிருக்கீங்களா?" என்றார் நடுவர், துக்க வீட்டுக் குரலில்.

"என் வலது முட்டி."

சங்கத்தின் செயற்குழு அங்கேயே கூடியது. ஆழ்ந்து விவாதித்தது. தீர்ப்பு வாசிக்கப்பட்டது: "பிரேக் ஷூவை மாற்றியது மன்னிக்க முடியாத குற்றம். வண்டி தகுதி நீக்கம் செய்யப்படுகிறது. பழைய ஷூவை மாட்டிக்கொண்டு அடுத்த வருடம் வரலாம். முட்டி வண்டியின் பாகம் அல்ல. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள உறுப்பினர்களுக்கு உரிமை உண்டு."

பலத்த கைதட்டல். செயலாளரின் மனைவி மட்டும் கைதட்டவில்லை. அவர் வண்டியை விட்டு இறங்கி, சரிவின் ஓரமாக நடந்தே வந்துகொண்டிருந்தார்.

தலைவருக்குப் போன உயிர் வந்தது. "நியாயமான தீர்ப்பு" என்று மனைவியின் காதருகே குனிந்தார். "ஆமா, அந்தப் பழைய ஷூ எங்க இருக்கு?"

"டப்பாவுல பத்திரமா இருக்கு. என்னிக்கு வேணும்னாலும் மாட்டிக்கலாம்" என்றார் மனைவி. "என் பழைய முட்டியைத்தான் ஆஸ்பத்திரியில திருப்பித் தரல."