ஒன்பது விசில்

ஆறு விசில் எண்ணியாகிவிட்டது. மாட்டுக்கறி மட்டும் சைக்கிள் டயரைப் போலப் பல்லுக்குப் பிடிகொடுக்காமல் விளையாடிக்கொண்டிருந்தது.

குக்கர் மெக்கானிக் அந்தத் துண்டை விழுங்கவும் முடியாமல், துப்பவும் மனமில்லாமல் அடுப்படியில் நின்றார். இருபது வருடமாகக் குக்கர் பழுதுபார்க்கிறவர். “சத்தத்தை வச்சே எந்தக் குக்கர், என்ன வயசுன்னு சொல்லிடுவேன்” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மார்தட்டுவார். குக்கரைப் பிரித்துப் போட்டிருக்கிறாரே தவிர, அதற்குள் ஒரு முட்டையைக்கூட வேகவைத்ததில்லை.

அதற்கும் ஒரு நாள் வந்துவிட்டது. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். தலைமை நர்ஸ் ஆவதற்கு வெளியூரில் மூன்று மாதப் பயிற்சி. இரண்டு வருடத்துக்கு முன் இதே வாய்ப்பு வந்தபோது, “நான் போயிட்டா சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டவள், அவர் முழித்த முழியைப் பார்த்து வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அது அவர் தொண்டையில் முள்ளாக நின்றது. இந்த முறை அவரே முந்திக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை நீ டியூட்டி முடிஞ்சு ஒரு மணிக்கு வா. கறிக்குழம்பும் ரொட்டியும் தயாரா இருக்கும். சாப்பிட்டுப் பாத்து முடிவு பண்ணு.”

“பாத்துடலாம்” என்று ஒரு மாதிரியாகச் சிரித்தாள் அவள்.

இப்போது மணி பன்னிரண்டு.

குறை குக்கரில் இருக்க வழியில்லை; அது அவர் கை பட்ட குக்கர். மூடியைத் திறந்தபோது ‘புஸ்’ என்ற சத்தம்கூட வரவில்லை. அவ்வளவு ஒழுங்கு. ஆகவே குற்றம் கறியுடையது என்று தீர்ப்பளித்து, இரண்டு சொம்பு தண்ணீரை ஊற்றினார்.

குழம்பு ரசமாகிவிட்டது. நிறம் வரட்டுமென்று மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டார். காரம் காதுவரை ஏறியது. காரத்தை அடக்க உப்பு போட்டார். ஏற்கெனவே உப்பு போட்டது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எதற்கும் இருக்கட்டுமென்று கைக்குக் கிடைத்த பட்டை, கிராம்பையெல்லாம் உள்ளே தள்ளி மூடினார்.

மூடிமேல் வெயிட்டை எடுத்த எடுப்பில் போட மாட்டார். நீராவி நன்றாகக் கிளம்பிய பிறகுதான் போட வேண்டும் என்பது கடையில் எல்லாருக்கும் அவர் எடுக்கும் பாடம். அதுவரை ரொட்டி மாவைக் கவனிக்கலாமென்று அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றார்.

மாவு கையோடு ஒட்டியது. இன்னும் கொஞ்சம் மாவைக் கொட்டினார், இறுகியது. தண்ணீர் தெளித்தார், மறுபடி ஒட்டியது. நாலு ரொட்டிக்கென்று ஆரம்பித்தது ஒரு கல்யாணக் கூட்டத்துக்கே ஆகும்போலப் பெருகியது. இதற்கிடையில் மூன்று முறை கணீரென்று விசில் அடித்தது.

“பாத்தியா, என் குக்கர் என் சொல்லைத் தட்டாது” என்று மாவிடம் சொன்னார்.

சரியாக ஒரு மணிக்கு மனைவி வந்தாள். கை கழுவிவிட்டு உட்கார்ந்து, ஒரு ஓரத்தில் கருகி மறு ஓரத்தில் வேகாத ரொட்டியைப் பிய்த்து, கறியோடு வாயில் போட்டாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

மெக்கானிக்கின் வீறாப்பு எங்கோ போய்விட்டது.

“வேகல. எனக்கே தெரியுது” என்றார். “ஆனா நீ போகணும். போன தடவை என் வயித்துக்காக விட்டுக்கொடுத்தியே, அது போதும். மூணு மாசம் நான் பன்னும் வாழைப்பழமும் தின்னுட்டுக் கிடப்பேன். எனக்காக இந்தத் தடவையும் எழுதிக் கொடுத்துடாதே.”

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். கண் கலங்கிவிட்டது, அது மிளகாய்த்தூளாலும் இருக்கலாம். எழுந்து வந்தவள், அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது என்னங்க, பை இவ்வளவு கனமா தொங்குது?”

உள்ளேயிருந்து குக்கர் வெயிட்டை எடுத்தாள். காலையிலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கிறது.

மெக்கானிக் வெயிட்டைப் பார்த்தார், குக்கரைப் பார்த்தார். “அப்ப விசில்? ஒன்பது எண்ணினேனே. நம்ம குக்கர் சத்தம் எனக்குத் தெரியாதா?”

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். அவர் சமையலறை ஜன்னலும் இவர் ஜன்னலும் கை நீட்டினால் தொட்டுக்கொள்ளும். கையில் மூடிய பாத்திரம். அதிலிருந்து வந்த கறி வாசனை வீட்டுக்குள் தானாக நடந்து போனது.

“நீங்க ரிப்பேர் பண்ணிக் கொடுத்த குக்கர்லதான் தம்பி வச்சேன். கறிக்கு ஆறு விசில், உருளைக்கிழங்கு போட்டு மூணு. வெண்ணெயா வெந்திருக்கு.”

மெக்கானிக் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கண்டக்டரைப் பார்த்து, வேண்டாம் வேண்டாமென்று அவசரமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் அதைக் கவனிக்கவில்லை.

“இனிமே உங்களுக்குக் காரம் எவ்வளவுன்னு மட்டும் சொல்லிடுங்க. மூணு மாசமும் உங்களுக்கும் சேத்து சமைக்கணும்னு, போன வாரம் ரயில் டிக்கெட் எடுத்த கையோட உங்க வீட்டம்மா வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க.”