இத்தாலிக் காரும் இரண்டு மாடுகளும்

ஒரு பொருளைக் கொடுக்கிறவர் அதை வாங்குகிற உங்களைவிடச் சந்தோஷமாக இருந்தால், கும்பிடு போட்டுவிட்டு அந்த இடத்தை விட்டு ஓடிவிட வேண்டும். இந்த ஞானம் எனக்குக் காந்தலூரில் ஒரு பூண்டுக் கிடங்கு வாசலிலேயே வந்திருக்கலாம். வரவில்லை. அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தப் பருவத்தில் ஆண்பிள்ளைக்கு எந்த ஞானமும் வருவதில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. சித்தூர்ப் பக்கத்துக்காரனான நான் பீர்மேட்டில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க். பெண் நல்லேப்பிள்ளி, நெல் விவசாயக் குடும்பம், பெயர் சாந்தாமணி. சிக்கல் பெண்ணிடம் இல்லை, பெண்ணின் தாய்மாமனிடம் இருந்தது. பொள்ளாச்சிக்காரர். சாந்தாமணியைத் தன் மகனுக்குக் கேட்டுக் கிடைக்காமல் போன கோபத்தை வெற்றிலையோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் செய்யாமல் தாலி ஏறாது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டால் கல்யாணம் அதோடு சரி.

நிச்சயதார்த்தத்தன்று அவர் சபையில் சொன்னார்: "கிளார்க்கு மாப்பிள்ளை பஸ்ஸுல வந்து எறங்குவாரு, நானு பந்தல்ல நின்னு சீர் செய்யோணுமாக்கு? தெறந்த கார்ல ஊர்கோலம் வரட்டும். அப்பறம் பாக்கலாம்."

தை மாதம். தாலூக்காவில் இருந்த திறந்த கார்களெல்லாம் வேறு மாப்பிள்ளைகளுக்குப் பேசியாகிவிட்டது. மாமனார் ஆகப்போகிறவர் அலைந்து களைத்து என்னிடம் வந்தார்.

"எங்கியுமே கெடைக்கலீங் மாப்ளே. அம்பாசிடர் ஒண்ண மேல்தகரத்த அறுத்துத் தர்றேங்கறான் ஒருத்தன். அறுத்துப்போடலாமுங்களா?"

"விடுங்க மாமா. இந்தத் தாலூக்காவே பாக்காத கார் ஒண்ணு கொண்டாறேன்" என்றேன். (அது ஒன்றுதான் அந்தக் கல்யாணத்தில் நான் சொன்னபடி நடந்தது.)

அந்தக் காரைப் பற்றி எங்கள் ஆபீசில் புராணம் போலப் பேசுவார்கள். சிவப்பு நிறம், இத்தாலியில் செய்தது, இரண்டே இருக்கை, மேலே மடக்கிவிடுகிற துணிக் கூரை. பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையாததால் எல்லோரும் 'இத்தாலிக்காரி' என்றார்கள். உலகத்திலேயே மிகக் கொஞ்சம்தான் செய்தார்கள் என்று எஸ்டேட் கிளப்பில் தூக்கிப் போட்ட பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் படித்திருந்தேன். ஏன் அதோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று யோசித்திருக்கலாம்.

முதல் சொந்தக்காரர் ஒரு வெள்ளைக்கார மேனேஜர். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்யும் பீர்மேட்டுக்குத் தகரக் கூரை இல்லாத காரைக் கப்பலில் வரவழைத்த மகான். ஊருக்குப் போகும்போது நாயைக் கூட்டிக்கொண்டு போனார், காரை எஸ்டேட் டாக்டரிடம் கொடுத்துவிட்டுப் போனார். டாக்டர் அதில் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்குவார். இரண்டு வளைவு தாண்டியதும் நோயாளி, "சரியாயிருச்சுய்யா, எறக்கி விட்டுருங்க" என்று கும்பிடுவானாம். அப்படிப் பலர் குணமடைந்த பிறகு கார் ஒரு மரக் காண்ட்ராக்டரிடம் போனது. அவர் மனைவி அதில் ஒருமுறை ஏறி, காற்றில் கொண்டை அவிழ்ந்து, சூறாவளியில் சிக்கியவர் மாதிரி ஒரு கல்யாண வீட்டில் போய் இறங்கினார். மறுவாரமே கார் காந்தலூருக்கு வந்து சேர்ந்தது.

காந்தலூரில் அதை வைத்திருந்த சன்னாசி அண்ணன் பூண்டும் முட்டைக்கோசும் போடுகிறவர். கூரையை மடக்கிவிட்டால் மூட்டை ஏற்ற வசதி என்றார். இத்தாலியில் எந்த மேதையோ வரைந்த அந்த வளைவுகளின் மேல் கோணிப்பை கட்டிய தழும்பு இருந்தது.

"ஓடுமாண்ணே?"

"ஓடுறதுக்கு என்ன தம்பி, குதுர மாதிரி ஓடும். மெதுவாப் போனாத்தான் கோவிச்சுக்கிடும்."

"கல்யாணம் முடிஞ்சதும் திருப்பிக் கொண்டாந்துர்றேன்."

"எதுக்கு? நீங்களே வச்சுக்கிடுங்க. கல்யாணப் பரிசுன்னு நெனச்சுக்கிடுங்க" என்றவர் கண்ணில் நீர் நின்றது. நான் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

வண்டியை ஓட்டியவன் என் பங்காளி தங்கவேலு, அரிசி ஆலை லாரி டிரைவர். மறையூர், உடுமலை, பொள்ளாச்சி வழியாக வந்தோம். போகிற வழியெல்லாம் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வருஷக்கணக்காகப் பூண்டு சுமந்த வாசனை. செக்போஸ்டில் ஒரு சேட்டன் எங்களை நிறுத்தி, இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, "எவிடெடா வெளுத்துள்ளி?" என்று மிரட்டினார். பூண்டு இல்லை, மாப்பிள்ளைதான் இருக்கிறேன் என்று நிரூபிக்கக் கல்யாணப் பத்திரிகையைக் காட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் முகூர்த்தம். அன்று மாலை வெயில் தாழ்ந்ததும் நல்லேப்பிள்ளி பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்கோலம். காருக்கு நானே முன்னின்று அலங்காரம் செய்வித்தேன். முன்பக்கம் கம்பி கம்பியாக இருந்த அந்த இத்தாலிய வாய் எனக்கு அசிங்கமாகப் பட்டது. இஞ்சினுக்குக் காற்று போகிற வழி அது என்று தெரியாமல், மல்லிகையும் மரிக்கொழுந்தும் வைத்து ஒரு விரல்கூட நுழையாதபடி அடைக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் வாழைக்கன்று.

மடக்கிய கூரை மேல் நான், ரோஜா மாலையோடு. மாப்பிள்ளை காரில் ஏற வரும் பெண் வீட்டுக் குழந்தைகளை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் கிடையாது. இரண்டு பேருக்கான காரில் ஊர்க் குழந்தைகள் அத்தனையும் ஏறின. தங்கவேலுவின் தலை மட்டும் எங்கோ கீழே தெரிந்தது.

மேளம் முன்னே போக, கார் பின்னே போனது. இங்கேதான் விதி சிரித்தது. அந்தக் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு பறக்கப் பிறந்தது. எங்கள் நாதஸ்வரக்காரரோ ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, வெற்றிலை வாங்கி, ராகத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கிறவர். பந்தயக் குதிரையைக் கல்யாண வீட்டுப் பாட்டி கையில் பிடித்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

பாதி வழியில் பூவுக்குள்ளிருந்து புகை வந்தது.

"சாம்பிராணி போடறாங்கடீ, கும்பிட்டுக்கோ" என்றாள் ஒருத்தி. மல்லிகை வெந்து, மரிக்கொழுந்து வெந்து, அடியில் படிந்திருந்த பூண்டும் வெந்து, வீதி முழுக்க ரச வாசனை. பெரியவர் ஒருவர், "பந்தி போட்டாச்சுங்களா?" என்று அவசரமாக நடையைக் கட்டினார்.

வாய்க்கால் மேட்டில் கார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

"தங்கவேலு, என்னடா?"

"பங்காளி, இது இத்தாலிக்கே போயிருச்சு."

தள்ளலாம் என்றார்கள். யார் தள்ளுவது? எங்கள் ஆட்கள் தள்ளினால், மாப்பிள்ளையைத் தள்ளிக்கொண்டு வந்து பெண் வீட்டில் விட்டார்கள் என்ற பேச்சு. பெண் வீட்டார் தள்ளினால், இப்போதே தள்ள ஆரம்பித்துவிட்டார்கள் என்ற பேச்சு. நான் இறங்கி நடக்கலாம் என்று காலைத் தூக்கினேன்.

"எறங்கீராதீங்க மாப்ளே!" என்று கத்திக்கொண்டே மாமனார் ஓடி வந்தார். "ஆரத்தி எடுக்காம கால் கீழ படப்படாது! மச்சான் பந்தல்ல உக்காந்து பாத்துட்டிருக்கறாரு. துண்டைக் கையில எடுத்துட்டாருங்க!"

அவர் கையில் இரண்டு மாடுகள் இருந்தன. கல்யாணத்துக்காகக் கொம்பில் வர்ணம் அடித்த அவர் வீட்டு மயிலையும் செவலையும். வடக்கயிற்றைக் காரின் முன்னால் கட்டினார். குழந்தைகளை இறக்கினார்கள். "மெல்லமா கூட்டிட்டுப் போவுமுங்க" என்றார். மெல்லமாகத்தான் போயின, பந்தல் வாசலில் யாரோ என்னை வரவேற்று அதிர்வேட்டு வைக்கும் வரை.

அதன் பிறகு நடந்ததற்கு நான் முழுச் சாட்சி இல்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். தவில்காரர் தவிலோடு வாய்க்காலில் குதித்தார். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் இரண்டாகப் பிளந்து வழிவிட்டார்கள். அந்தக் கார் பீர்மேட்டில் வந்து இறங்கியதிலிருந்து முதல்முறையாக, அதைச் செய்தவர்கள் நினைத்த வேகத்தில் ஓடியது. பந்தலைத் தாண்டி, தாய்மாமனைத் தாண்டி, வீட்டைச் சுற்றி, மாடுகளுக்குத் தெரிந்த ஒரே இடமான கட்டுத்தரைக்குள் புகுந்து, வைக்கோல் போரில் முட்டி நின்றது. மாடுகள் அமைதியாகத் தவிடு தின்னத் தொடங்கின.

கொல்லைப்புறத்தில் தோழிகளோடு ஒளிந்து நின்று மாப்பிள்ளை வருவதை எட்டிப் பார்க்க இருந்த சாந்தாமணி இப்போது எனக்கு நேர் எதிரே நின்றாள். என் தலையில் வைக்கோல். மாலையில் பூ இல்லை, நார் மட்டும் இருந்தது.

"ஏனுங்க," என்றாள், "வாசல் அந்தப் பக்கமுங்க."

என் மனைவி என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். சாணியில் கால் வைக்காமல் புடவையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்து கட்டுத்தரையிலேயே எனக்கு ஆரத்தி எடுத்தார்கள். (பக்கத்தில் நின்ற எருமைக்கும் சேர்த்துத்தான் சுற்றினார்கள் என்று இன்றும் ஒரு கட்சி உண்டு.)

அப்போது கூட்டம் விலகியது. தாய்மாமன் வந்தார். துண்டு தோளில் இருந்தது. காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏனுங் மச்சான், இதுதான் தாலூக்கா பாக்காத காருங்களா?"

மாமனார் மாடுகளின் முதுகைத் தடவிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "ஆமாங் மச்சான். மத்த மாப்பிள்ளையெல்லாம் வாசல்ல எறங்கி, உள்ளார வாங்கன்னு கூப்புடறவரைக்கும் நிப்பாங்க. என்ற மாப்பிள்ளை நேரா கட்டுத்தரைக்கே வந்துட்டாருங்க. நாளைக்கு ஒரு அவசரம்னா மாடு புடிச்சுக் கட்டறதுக்கு ஆள் வேணுமுல்லீங்க?"

தாய்மாமன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். பிறகு ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு. சிரித்துச் சிரித்து வைக்கோல் போரிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் சீரும் செய்தார்.

கார் அதன் பிறகு கிளம்பவில்லை. மாமனார் வீட்டுக் கட்டுத்தரையிலேயே தங்கி, வருஷா வருஷம் கோழிகள் அடைகாக்கும் இடமானது. மயிலையும் செவலையும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் கழித்துக் கோயமுத்தூரிலிருந்து ஒருவர் அதைத் தேடி வந்தார். பழைய கார்கள் சேர்க்கிறவராம். முட்டைகளை அகற்றிவிட்டுக் காரைத் தடவித் தடவிப் பார்த்து, கண்கலங்கி, அதன் உரிமையாளர் வரலாறு முழுவதும் வேண்டும் என்று உட்கார்ந்தார். நான் வரிசையாகச் சொன்னேன். வெள்ளைக்காரர், டாக்டர், காண்ட்ராக்டர், சன்னாசி அண்ணன், நான், பிறகு மாமனார்.

"ரெண்டு பேர உட்டுப்போட்டீங்களே மாப்ளே," என்றார் மாமனார். "மயிலை, செவலை. எழுதிக்குங்க தம்பி. இந்தக் கார நெசமா ஓட்டுனது அவங்க ரெண்டு பேருதானுங்க."

வந்தவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "அப்ப சார் நீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மோர் கொண்டுவந்த சாந்தாமணி பதில் சொல்லிவிட்டாள். "அவரு உக்காந்துட்டு வந்தாருங்க."

அதோடு என் வாழ்க்கை வரலாறு முடிவாகிவிட்டது. வீடு கட்டியபோது நான் என்ன செய்தேன், எஸ்டேட்டில் இத்தனை வருஷம் என்ன வேலை பார்த்தேன், யார் எதைக் கேட்டாலும் எங்கள் வீட்டில் சின்னது முதல் பெரியது வரை அந்த ஒரே பதில்தான். போன மாதம் மகள் கல்யாணத்தில் சம்பந்தி பெருந்தன்மையாக, "எல்லா ஏற்பாடும் சார்தான் பார்த்தாரா?" என்று கேட்டார். மணவறையிலிருந்து, தலையைக்கூட நிமிர்த்தாமல், கல்யாணப் பெண்ணே அதைச் சொன்னாள்.